உப்பளமேடு நிலையத்தின் பதினோரு கற்கள்

கூட்டத்துக்கு வந்திருந்தோரும், அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு:

கோட்டப் பாரம்பரிய அலுவலர் திருமதி சங்கமித்ரா, முதல் வகுப்புக் காத்திருப்பறையின் நடுவில், துண்டு போர்த்திய நாற்காலியில். வரலாற்று ஆலோசகர் பேராசிரியர் முப்பிடாதி, அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே. நிலைய மேலாளர் ரஹீம், நாற்காலி இருந்தும் அதில் உட்காராமல், சுவரோரம் நின்றபடி. பயணிகள் நலச் சங்கத்தின் இணைச் செயலாளராகிய நான், எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல். பயணிகள் பிரதிநிதியும் மீன் வியாபாரியுமான பவுனம்மாள், வாசற்படிக்கு வெளியே, கவிழ்த்த கூடையின் மேல். அவரை உள்ளே வரும்படி எல்லோரும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்கும்போதே கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனதால் அவர் வெளியிலேயே இருந்துவிட்டார்.

அந்த அறையை நான் உள்ளிருந்து பார்த்தது அன்றுதான். திருவொற்றியூரைத் தாண்டி, கடலுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே இருக்கிற எங்கள் உப்பளமேட்டில் முதல் வகுப்புப் பயணி எவரும் ஏறுவதில்லை. அப்படி ஒருவர் என்றாவது வந்துவிட்டால் அறை அழுக்காகிவிடுமே என்று இத்தனை காலமும் பூட்டி வைத்திருந்தார்கள்.

கூட்டத்தின் நோக்கத்தை திருமதி சங்கமித்ரா விளக்கினார். மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. நூறாண்டு கடந்த நிலையம் ஒவ்வொன்றும் ‘வரலாறும் சேவைகளும்’ என்ற தலைப்பில் நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் மலர் வெளியிட வேண்டும். குறைந்தது ஒரு பாரம்பரியப் பொருளையாவது கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததைப் பாதுகாக்க வேண்டும்.

“முதலில் சேவைகள்,” என்றார்.

ரஹீம் ஒரு தாளை எடுத்து வாசித்தார். கழிப்பறை ஒன்று, அதற்குப் பூட்டு ஒன்று, சாவி கோட்ட அலுவலகத்தில். குடிநீர்க் குழாய்கள் நான்கு; குடிநீர், பரிசீலனையில். தானியங்கி டிக்கெட் இயந்திரம் ஒன்று. அது நாணயம், நோட்டு, கார்டு ஆகிய மூன்றையும் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். மேற்கூரை, நிலைய மேலாளர் அறைக்கு மேல்.

“மொத்தம் எவ்வளவு வரும்?”

“அரைப் பக்கம் மேடம். எழுத்தைப் பெருசா போட்டா முக்கால்.”

“அப்படியானால் வரலாறு முப்பத்தொன்பதரைப் பக்கம் வேண்டும்,” என்று அவர் பேராசிரியரைப் பார்த்தார்.

“வரும்,” என்றார் பேராசிரியர், பந்தியின் நீளத்தைப் பார்த்துவிட்ட சமையல்காரரைப் போல.

பாரம்பரியப் பொருளில்தான் சிக்கல் வந்தது. பழைய வெண்கல மணி இருந்தது; அதைத் திருடிப்போய்விட்டார்கள். வார்ப்பிரும்பு பெஞ்சு இருந்தது. அதைத் திருட விடாமல் நிர்வாகமே ஏலம் போட்டுவிட்டது. கடிகாரம் இருக்கிறது, ஆனால் அதன் வயது என் வயதைவிடக் குறைவு. பேராசிரியர் பெருமூச்சு விட்டு, பிளாட்பாரத்தில் ஒருமுறை நடந்து பார்க்கலாம் என்றார். எல்லோரும் எழுந்தோம். நான் இறங்கியதும் இயந்திரம் ‘உங்கள் எடைக்கு நன்றி’ என்றது.

பிளாட்பாரத்தின் வடகோடியில் பதினோரு கற்கள் வரிசையாக இருந்தன.

அவை ஏன் அங்கே இருந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடை, மூட்டையோடு வருகிறவர்கள் ஏறுவதற்கென்று ரயிலில் ஒரு பெட்டி உண்டு. வெண்டர் பெட்டி என்பார்கள். விடிகாலை வண்டியின் வெண்டர் பெட்டி வடகோடியில்தான் வந்து நிற்கும். அது நிற்பது, ஒருவர் தும்மி முடிக்கிற நேரம். அதற்குள் குப்பத்துப் பெண்கள் பத்துப் பேரும், இடியாப்பக் கூடையோடு மலிகாவும் ஏறியாக வேண்டும். முட்டி மோதினால் ஒருவரும் ஏற முடியாது. ஆகவே முந்தின நாள் வியாபாரம் முடித்துத் திரும்பும்போதே, யார் முதலில் வந்து இறங்குகிறார்களோ அவர்கள் தங்கள் கல்லை முதலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கல் இருக்கிற இடம் ஆள் இருக்கிற இடம். ரேஷன் கடையில் பையும் செருப்பும் வைப்பதுபோலத்தான். ஆனால் பையைக் காற்று கொண்டுபோகும். செருப்பை மனிதர்கள் கொண்டுபோவார்கள். கல்லை எவரும் தொடமாட்டார்கள். அலை தடுக்கக் கடலோரம் கொட்டிக் கிடக்கிற கற்களில் ஆளுக்கொன்று எடுத்து, அடையாளத்துக்கு ஏதாவது பூசி வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் நிலையத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரே சேவை அது. நிர்வாகத்தின் பட்டியலில் அதனாலேயே அது இல்லை.

பேராசிரியர் முப்பிடாதி கற்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

“ஒரே நேர்கோடு,” என்றார் மெல்லிய குரலில். “வடக்கு தெற்காக.”

“பிளாட்பாரமே அப்பிடித்தான் சார் கீது,” என்றார் பின்னால் வந்த பவுனம்மாள். “அதுல மூணாவதா கீதே, அது என் கல்லு.”

பேராசிரியர் சட்டென்று திரும்பினார். “கேட்டீர்களா மேடம்? ‘என் கல்’ என்கிறார்! எத்தனை தலைமுறையாக ஊறிய உணர்வு இது!”

“தலமொறையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். போன பொங்கலுக்கு முன்னாடி அலைக்கு லாரில கொட்னாங்கோ பாரு, அதுல எங்கூட்டுக்காரு தூக்கினு வந்தாரு. பழைய கல்லு ஒடஞ்சி பூட்ச்சி.”

“பழுதுபட்டதை அகற்றிப் புதியதை நிறுவும் மரபு,” என்றார் பேராசிரியர். நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே வந்த அவருடைய உதவியாளர் குறித்துக்கொண்டார். “இந்த நீலம் என்ன? அவுரி! இங்கே அவுரி வணிகம் நடந்திருக்கிறது.”

“போட்டுக்கு அடிச்ச பெயின்ட்டு சார் அது. மிச்சம் இருந்துச்சி.”

“கடல்வழி அவுரி வணிகம்.”

மலிகாவின் கல் உண்மையில் கல்லே அல்ல; இடித்த கட்டடத்தின் கான்கிரீட் துண்டு. அதிலிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தூக்குவதற்கு வசதியாக. பேராசிரியர் அதன்முன் மண்டியிட்டு வெகுநேரம் எழவில்லை. கல்லுக்குள் இரும்பைச் செலுத்தும் தொழில்நுட்பம் இந்தக் கடற்கரையில் இருந்ததை உலகத்துக்கு எப்படி அறிவிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் முடிவைச் சொன்னார். இவை கம்பெனிக் காலத்து உப்பு எடைக்கற்கள்.

“எடக்கல்லா?” என்றார் பவுனம்மாள். “ஒண்ணு பூசணிக்கா சைசுல கீது, ஒண்ணு தேங்கா சைசுல கீது. இத வெச்சி இன்னாத்த எடபோட்டாங்கோ?”

“அதுதானம்மா காலனியச் சுரண்டல்!” என்றார் பேராசிரியர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

திருமதி சங்கமித்ரா கைதட்டினார். முப்பத்தொன்பதரைப் பக்கமும் அந்த இடத்திலேயே நிரம்பிவிட்டதை அவர் முகத்தில் பார்த்தேன்.

பிளாட்பாரத்துக்கு மேற்கூரை கேட்டு எங்கள் சங்கம் எழுதிய மனுக்களின் நகல்கள் ஒரு பீரோவின் கீழ்த்தட்டை நிரப்பியிருக்கின்றன. கற்களுக்கு இரண்டு வாரத்தில் கூரை வந்தது. சங்கிலி பறிப்புக்குப் பிறகு கேமரா கேட்டோம். கற்களுக்கு நான்கு பக்கமும் கேமரா வந்தது. விளக்கு வந்தது. சுற்றிலும் புல் வளர்க்கக் குழாயில் தண்ணீர் வந்தது. ‘பயணிகள் குடிப்பதற்கு அல்ல’ என்ற பலகையும் கூடவே வந்தது. இடுப்பளவு எஃகு வேலி வந்தது. விசில் ஊதுவதற்கென்று ஒரு காவலாளி வந்தார்.

வேலி கட்டிய மறுநாள் விடிகாலை பவுனம்மாளும் மற்றவர்களும் கூடைகளோடு வந்தார்கள். வண்டி வந்தது. வெண்டர் பெட்டியின் கதவு, தினமும் நிற்கிற இடத்தில், வேலிக்கு நேர் எதிரே நின்றது. வேலிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். கூடையோடு பெண் போக முடியாது.

“ஓரமா போய் ஏறுங்க!” என்று காவலாளி விசிலடித்தார்.

“ஓரத்துல கதவு இல்லடா கஸ்மாலம்! கதவு இங்க கீது!” என்று ஆவுடையம்மாள் கத்தினார். பதினோரு பேரில் அவர்தான் மூத்தவர். மற்றவர்கள் பக்கத்துப் பெட்டியைப் பார்த்து ஓடினார்கள். அதில் நின்றிருந்த சட்டை கசங்காத ஆட்கள் கூடையைப் பார்த்ததும், “லேடீஸ்ல போம்மா, வெண்டர்ல போம்மா, கலீஜ் பண்ணாத,” என்று வழியை அடைத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது. நான்கு பேர் ஏறினார்கள். பவுனம்மாள் ஏறவில்லை.

பவுனம்மாள் வியாபாரம் செய்வது மூலக்கொத்தளம் பக்கத்துத் தெருக்களில். அங்கே இருக்கிறவர்கள் வேலைக்குக் கிளம்புமுன் மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டுப் போகிறவர்கள். அடுத்த வண்டியில் போய்ச் சேர்ந்தால் பூட்டிய கதவுகளும் விழித்திருக்கிற பூனைகளும்தான். அந்த வாரம் மூன்று நாள் வண்டியை விட்டார். நான்காம் நாள் அவர் போனபோது, மோட்டார் பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய ஓர் இளைஞன் அதே தெருவில் ஒலிபெருக்கியில் சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்தான்.

“இருவது வருசமா எங்கையால வாங்கினவ, ‘இன்னைக்கி வாங்கிட்டேன் பவுனு’ன்றா,” என்று என்னிடம் சொன்னார். “இன்னும் ரெண்டு வாரம் இப்பிடியே போச்சின்னா அந்தத் தெரு எனக்கு இல்ல செகரட்டரி சார். தெருவ வுட்டா அப்புறம் புடிக்க முடியாது.”

நான் முறைப்படி மனு எழுதினேன். பொருள், பார்வை, கோரிக்கை என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசையில், கோடு போட்ட தாளில். பதில் வந்தது: ‘தங்கள் மனு பெறப்பட்டது. அது பாரம்பரியப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. பாரம்பரியப் பிரிவில் நூறாண்டுக்கு உட்பட்ட விஷயங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை.’

பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. வேலிக்குள் இருந்த கல் போனால் போகட்டும் என்று, வேலி முடிகிற இடத்தில் புதிதாகக் கற்கள் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துப் பெட்டிக்கு நேராக. வரிசையாக ஏறினால், உள்ளே இருக்கிறவர்கள் வழியை அடைக்குமுன் புகுந்துவிடலாம். இரண்டு நாள் ஏறவும் செய்தார்கள். மூன்றாம் நாள் பேராசிரியர் வந்தார். புதிய வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இது எப்படி அன்று என் கண்ணில் படவில்லை?” என்று தன்னையே கடிந்துகொண்டார். “இரண்டாம் வரிசை! அப்படியென்றால் இது எடைக்கற்கள் மட்டுமல்ல. கோட்டை!”

வேலி நீண்டது.

மலிகா சொன்ன யோசனைப்படி அடுத்து கல்லுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வைத்தார்கள். அவற்றைக் காவலாளி குப்பையென்று அள்ளிப்போய், பாரம்பரியத் தலத்தை அசுத்தப்படுத்தியதாக எச்சரிக்கைப் பலகை ஒன்றும் மாட்டிவிட்டார். ஆக, பிளாட்பாரத்தில் எதையாவது வைத்தால் அது வரலாறாகவோ குப்பையாகவோ ஆகிவிடும் என்பது தெளிவாயிற்று. எதையும் வைக்காமல் விட்டார்கள். வரிசை போனது. வரிசை போனதும், இத்தனை வருடம் இல்லாத சண்டை வந்தது. ஒரு காலையில் ஆவுடையம்மாளின் கூடைமேல் பவுனம்மாளின் கூடை மோதி, இரண்டு வீட்டு இறாலும் தண்டவாளத்தில் கலந்தன.

“வயசானவ மேல இடிக்கிறியே, கண்ணு இன்னா பொடனிலயா கீது?”

“நான் ஒன்னும் வேணும்னு இடிக்கல ஆவுடக்கா! நீ நடுவுல பூந்துகினு...”

“யாருடி நடுவுல பூந்தது? நேத்து எனக்கு முன்னாடியா நீ எறங்குன? கல்லு இருந்தா சொல்லும்!”

கல் வேலிக்குள்தான் இருந்தது. அதன்மேல் எண் எழுதிய வெள்ளிநிறத் தகடு பளபளத்தது. அது எதுவும் சொல்லவில்லை.

மலர் வெளியீட்டு விழா அடுத்த வாரம் நடந்தது. தலைவர்கள் கற்களுக்கான கூரையின் கீழ் அமர்ந்தார்கள். பயணிகளுக்கு வெயிலில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. திருமதி சங்கமித்ரா பேசினார். என்னால் முடிந்தவரை அவர் சொற்களிலேயே தருகிறேன்.

“சிலர் கேட்கிறார்கள், இந்த நிலையத்தில் தண்ணீர் இல்லை, கழிப்பறை திறக்கவில்லை என்று. நான் அவர்களைத் தாழ்மையுடன் கேட்கிறேன், ஆயிரத்தெண்ணூறுகளில் இங்கே கழிப்பறை இருந்ததா? இல்லை. அன்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இந்த நிலையத்தை நாம் காப்பாற்றி வந்திருக்கிறோம். இதை அலட்சியம் என்று சொன்னவர்கள் உண்டு. இன்று அதற்குப் பாரம்பரியம் என்று பெயர்.” கைதட்டல். “ஏறுவதற்குச் சிரமம் என்று சில சகோதரிகள் சொல்கிறார்கள். பயணிகள் வருவார்கள், போவார்கள். அதுதான் பயணிகளின் இயல்பு. கற்கள் எங்கும் போவதில்லை. எங்கும் போகாதவர்களுக்குச் சேவை செய்வதே ஒரு ரயில் நிர்வாகத்தின் உயர்ந்த நிலை. உண்மையைச் சொன்னால், இந்த நிலையத்தில் எங்களைப் பற்றி இதுவரை புகார் எதுவும் கொடுக்காதவை இந்தக் கற்கள்தான்.”

பேராசிரியர் அடுத்துப் பேசினார். பின்னர், ‘வாய்மொழி மரபின் வாழும் சாட்சி’ என்று பவுனம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். இதுதான் சமயம் என்று நான் கீழேயிருந்து சைகை காட்டினேன். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“தோ பாருங்கோ, எல்லாரும் கேட்டுக்கோங்கோ. அந்தக் கல்லு எல்லாம் நாங்கதான் வெச்சோம். வண்டி ஏற வெச்சோம். அத்த எடுத்துட்டு வேலிய பிரிங்கோ. எங்க பொயப்பு போவுது.”

திருமதி சங்கமித்ரா பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“‘நாங்கதான் வெச்சோம்!’ கவனித்தீர்களா? நான் என்று சொல்லவில்லை, நாங்கள் என்கிறார். ஒரு குலம் தன் முன்னோரின் செயலைத் தன் செயலாகவே நினைவில் வைத்திருக்கிறது. இதைவிட நமக்கு என்ன ஆதாரம் வேண்டும்?”

கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. அந்த வாக்கியம் மலரின் இரண்டாம் பதிப்பில், தடித்த எழுத்தில், முதல் பக்கத்தில் வந்தது.

அன்று மாலை நிலைய மேலாளர் அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நான், பவுனம்மாள், மலிகா, ரஹீம். கதவைச் சாத்திவிட்டு ரஹீம் முதன்முறையாக உட்கார்ந்தார். ராயபுரத்துக்காரர், அதிகாரிகள் இல்லாதபோது அவர் தமிழே மாறிவிடும்.

“நைனா, உண்ம சொன்னா இவங்க கேக்கமாட்டாங்கோ. நீங்க எத்தினி வாட்டி சொன்னாலும் மலருதான் பெருசாவும். கேஸு ஆனாத்தான் கல்லு நவுரும்.”

“இன்னா கேஸு?” என்றார் பவுனம்மாள்.

ரஹீம் குரலைத் தாழ்த்தினார். பிளாட்பாரத்தில் அனுமதியில்லாமல் எதையாவது வைத்து வழியை மறித்தால் குற்றம். ரயில்வே பாதுகாப்புப் படை வழக்குப் போடும். அப்படி வழக்குப் போட்டால் மறித்த பொருள் வழக்குச் சொத்து ஆகிவிடும். அதைப் படைக்காரர்கள் தூக்கிப்போய் மூட்டைகட்டி நீதிமன்றத்தில் ஒப்படைத்தே தீர வேண்டும். கல் போய்விட்டால் வேலிக்கு வேலையில்லை.

“அப்போ எங்க மேல நாங்களே கேஸு போட்டுக்கணும்?” என்றார் மலிகா.

“ஆமா. ஆனா தண்டன ஆச்சின்னா வெண்டர் பாஸ கேன்சல் பண்ண சான்ஸ் கீது. அதுக்கு நான் பொறுப்பு இல்ல. நான் இத்த சொல்லவும் இல்ல. நான் இப்போ டீ குடிக்க போயிகீறேன்.” அவர் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தார்.

அந்தப் பாஸ் இல்லாவிட்டால் கூடையோடு ரயிலில் ஏறவே முடியாது. பவுனம்மாள் எழுந்தார். “வேலி கீற வரைக்கும் பாஸு இருந்து இன்னா, பூந்து இன்னா. வா, போலாம்.”

பாதுகாப்புப் படை உதவி ஆய்வாளர் பொன்ராஜ் மேசைமேல் கால்களைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காலை இறக்கினார்.

“என்னம்மா விளையாடுறீங்களா? குற்றம் செஞ்சவங்க ஓடுவாங்க, நாங்க துரத்துவோம். அதான் முறை. நீங்களா வந்து நின்னா நான் என்ன எழுதுறது?”

“நாங்கதான் சார் கல்லு வெச்சி மறிச்சோம். புடிச்சிக்கோ.”

“எந்தக் கல்லு? அந்த உப்புக் கல்லா? அது எப்போ வெச்சதுன்னு போர்டுல போட்டிருக்கு பாத்தீங்களா?”

“போட்டுகீது.”

“அப்ப உங்களுக்கு வயசு என்ன?”

“அம்பத்தி மூணு.”

“பிறக்கிறதுக்கு நூத்தி சொச்சம் வருஷம் முன்னாடி செஞ்ச குற்றத்துக்கு நான் கேஸ் போட்டா, என்னை எங்க தூக்கிப் போடுவாங்க தெரியுமா?”

“இரும்புக் கம்பி நீட்டினு கீதே, அது என் கல்லு சார்,” என்றார் மலிகா. “போன வருசம் எங்க தெருவுல வூடு இடிச்சாங்கோ...”

“கல்லுக்குள்ள இரும்பா? யம்மா, அது வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. அது உன்னுதுன்னா அது சிலை கடத்தல் ஆயிரும். நான் கேட்கவே இல்ல. நீங்க சொல்லவே இல்ல.” அவர் எழுந்து கும்பிட்டார். “உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், நிரபராதியா வீட்டுக்குப் போங்க.”

ஒரு காவல்துறை அதிகாரி எவரையும் இவ்வளவு மரியாதையாக வெளியேற்றி நான் பார்த்ததில்லை.

வேறு வழியில்லை. பொன்ராஜின் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. மறுநாள் பிற்பகல் வலை காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் பதினோரு பேரும் கூடினார்கள். நான் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டேன்.

“பொருள்: எங்கள்மேல் நாங்களே கொடுக்கும் புகார்,” என்று வாசித்தேன். “குற்றவாளிகளின் விவரம். முதல் குற்றவாளி...”

“என்ன போடு,” என்றார் ஆவுடையம்மாள்.

“இன்னாத்துக்கு உன்ன போடணும்?” என்றார் பவுனம்மாள். “மைக்குல சொன்னது நானு. சால்வ வாங்கினது நானு.”

“நீ மைக்குல சொன்ன. கல்லு வெக்கிறத ஆரமிச்சது யாரு? நீ கல்யாணம் ஆயி வர சொல்லவே நான் கல்லு வெச்சிகினு இருந்தவ. மொதல்ல புடிச்சா என்னத்தான் புடிக்கணும்.”

“ஆவுடக்கா சொல்றதும் நாயம்தான்,” என்றார் மலிகா. “ஆனா இரும்பு வெச்சது நானு மட்டும். எனக்குத்தான் தண்டன ஜாஸ்தி.”

“ஆளுக்கு முன்னாடி நீ ஒருத்தி வந்துட்ட!” என்றார் ஆவுடையம்மாள்.

சண்டை வலுத்தது. கடைசியில் அன்று வியாபாரம் முடித்துத் திரும்பும்போது யார் முதலில் வந்து இறங்கினார்களோ அவர் முதல் குற்றவாளி என்று அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஆவுடையம்மாள் முதலாவது, பவுனம்மாள் ஐந்தாவது. பவுனம்மாள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு வரிசை வந்திருந்தது.

“பாஸு போயிடுமே பவுனு,” என்று கையெழுத்துப் போடுமுன் ஒருத்தி கேட்டார்.

“பூட்ச்சின்னா பூடுது. வேலில தொங்கிகினு பாஸ நக்க சொல்றியா? கல்லு எங்கூட்டுக்காரு தூக்கியாந்தது. எவனோ வெள்ளக்காரன் வெச்சான்னு எழுதி வெச்சிகினு கீறான். நான் இருக்கப்பவே நான் இல்லாத மாதிரி ஆக்கிட்டானுங்க. ஜெயில்ல போட்டாலும் பவுனம்மானு பேரச் சொல்லித்தான போடுவான்? அது போதும். எழுது சார்.”

எழுதினேன். குற்றம் செய்த இடம், பயன்படுத்திய பொருள், பொருளின் அடையாளம், நோக்கம் எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் ‘ரயிலில் ஏறுதல்’ என்று எழுதியபோது, இதை ரயில் நிர்வாகம் நம்புமா என்று எனக்கே ஐயமாக இருந்தது. பதினோரு பேரும் கையெழுத்திட்டார்கள். வாசித்துக் காட்டினேன்.

“ஒண்ணு சேத்துக்கோ சார்,” என்றார் பவுனம்மாள். “விசாரணைக்கு வா, விசாரணைக்கு வான்னு காயிதம் வுடுவாங்கோ. எப்பிடி போறது? வண்டி ஏற முடியாம தான இவ்ளோ பேஜாரும்.”

அது நியாயமாகவே பட்டது. கடைசிப் பத்தியாக இதைச் சேர்த்தேன்: ‘குற்றவாளிகளாகிய நாங்கள் விசாரணைக்குத் தவறாமல் ஆஜராக விரும்புகிறோம். ஆனால் மேற்படி வேலியினால் எங்களால் எந்த வண்டியிலும் ஏற இயலாது. ஆகவே எங்களைக் கைதுசெய்து அழைத்துப்போகும்படியோ, அல்லது எங்கள் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையிலாவது எங்களுக்கு வண்டி ஏற வழிவிடும்படியோ பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் ஜன்னலில் இருந்த பெண், உறையின் மூலையைக் காட்டி, “அனுப்புநர் யாருன்னு எழுதலையே சார்?” என்றார். பவுனம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்து, ‘குற்றவாளிகள், உப்பளமேடு குப்பம்’ என்று தெளிவான எழுத்தில் எழுதி, மடிப்பில் பசை தடவி ஒட்டினேன். அந்தப் பெண் ஒருமுறை வாசித்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு ஸ்டிக்கரை ஒட்டி உறையைப் பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டார்.